ஊர் மாறினால் சுவை மாறுமா? ஹூகார்டன் வெள்ளை பீர், 2005–2007: ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வின் சுருக்கம்

2005 நவம்பரில் இன்பெவ் என்ற பீர் நிறுவனம் பெல்ஜியத்தின் ஹூகார்டன் என்ற சிற்றூரில் இருந்த தன் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. அந்த ஊரின் பெயரையே தாங்கிய, வெள்ளை பீர் எனப்படும் கோதுமை பீரை இனி லியேஜ் நகரைச் சேர்ந்த ஜுபீ பகுதிப் பேராலையில் காய்ச்சுவது என்பது திட்டம். இரண்டு ஊர்களுக்கும் இடையே காரில் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. 2007 செப்டம்பரில் அதே நிறுவனம் அந்த முடிவைக் கைவிட்டது. ஹூகார்டன் பீர் ஹூகார்டனிலேயே தங்கியது.

பீர் தொழிலில் ஆலைகளை மூடுவதும் இணைப்பதும் அன்றாடம் நடப்பவை. மூடுவதாக அறிவித்துவிட்டுப் பின்வாங்குவது அரிது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று சுவை என்பதால் இந்த நிகழ்வை விரிவாகப் பதிவு செய்கிறேன். இதில் பங்குபெற்ற மேலாளர்கள், தொழிலாளர்கள், ஊர்மக்கள் யாருடைய பெயரும் இங்கே வராது. பழைய வரலாற்றில் ஒருவரை மட்டும் பெயர் சொல்லாமல் எழுத முடியாது.

பின்னணி: கோதுமை விளையும் மண்

ஹூகார்டன், பிளெமிஷ் பிரபாண்ட் மாநிலத்தில் தீனன் நகருக்கு அருகில், லூவனுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. சுற்றுப்புறம் வளமான மண். கோதுமையும் சர்க்கரைக் கிழங்கும் நன்றாக விளையும். பார்லி, கோதுமை, ஓட்ஸ் மூன்றும் கைக்கு எட்டிய தூரத்தில் கிடைத்ததால் அவை மூன்றுமே பீர்க் கொப்பரைக்குள் போயின. 1516இல் பவேரியாவில் பிறந்த சட்டம் பீரில் பார்லி, ஹாப் என்ற கசப்புப் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது. இன்றைய பெல்ஜியமும் நெதர்லாந்தும் அடங்கிய தாழ்நில நாடுகளில் அப்படிப்பட்ட கட்டுப்பாடு இல்லை. பெல்ஜியத்துக் காய்ச்சுநர்கள் முளைகட்டாத பச்சைக் கோதுமையையும் மசாலாப் பொருள்களையும் தாராளமாகப் பயன்படுத்த முடிந்ததற்கு இதுவே அடிப்படை.

நிர்வாக எல்லையும் இந்த ஊருக்குச் சாதகமாக அமைந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலம் வரை ஹூகார்டன் பிரபாண்ட் பிரபுவின் நிலத்துக்கு நடுவே லியேஜ் ஆயரின் ஆட்சிக்கு உட்பட்ட தனித் தீவாக இருந்தது. பிரபாண்டின் வரிகள் இங்கே செல்லாது. இப்படிப்பட்ட ஊரில் பீர் ஆலைகள் பெருகியதில் வியப்பில்லை. உச்ச காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்ததாக ஊர் வரலாறு சொல்கிறது. இன்றைய லேபிளில் 1445 என்ற ஆண்டு அச்சிடப்பட்டிருக்கிறது. இங்கு காய்ச்சும் மரபைத் துறவிகளோடு இணைத்துச் சொல்வது வழக்கம்.

மசாலாவுக்கு இன்னொரு வழி திறந்திருந்தது. டச்சுக்காரர்கள் 1634இல் கரீபியக் கடலில் குராசோ தீவைக் கைப்பற்றினார்கள். ஸ்பானியர்கள் அங்கே நட்ட செவில் ஆரஞ்சு மரங்கள் வறண்ட மண்ணில் கசந்த சிறு காய்களைத்தான் தந்தன. அவற்றைச் சாப்பிட முடியாது. ஆனால் காய்ந்த தோலில் எண்ணெய் மணம் அடர்த்தியாக இருந்தது. கொத்தமல்லி விதையும் இந்தத் தோலும் வணிகக் கப்பல்கள் வந்து சேரும் நாட்டில் எளிதாகக் கிடைத்தன.

ஒருமுறை அழிந்து மீண்டது

தெளிந்த, பொன்னிறமான, குளிர்ந்த லாகர் பீர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பாவை நிறைத்தது. கலங்கிய, சற்றே புளித்த, நீண்ட நாள் தாங்காத ஊர் பீர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஹூகார்டனில் கடைசியாக மிஞ்சிய டொம்சின் ஆலை 1957இல் மூடப்பட்டது. அதோடு அந்த ஊரின் வெள்ளை பீர் முற்றாக நின்றது.

1925இல் பிறந்த பியேர் சேலிஸ் அந்த ஆலைக்கு அடுத்த வீட்டுக்காரர், தொழிலால் பால்காரர். சிறுவயதில் டொம்சின் ஆலையில் கைவேலைகள் செய்தவர். பழைய பீரைப் பற்றி ஊர்க்காரர்கள் ஏக்கத்தோடு பேசுவதைக் கேட்டு, தன் நினைவில் இருந்ததை மீண்டும் செய்துபார்க்க முடிவெடுத்தார். பழைய கருவிகளை விலைக்கு வாங்கி, வீட்டை ஒட்டிய கொட்டகையில் சோதனை செய்தார். 1966இல் அவரது பீர் விற்பனைக்கு வந்தது. 1970களின் இறுதியில் தேவை பெருகி, ஊரில் இருந்த பழைய எலுமிச்சைப் பான ஆலைக்கு இடம் மாறினார். அந்த ஆலை டே க்ளௌஸ் என்று பெயர் பெற்றது.

1985இல் தீ விபத்து. காப்பீட்டுத் தொகை போதவில்லை. மீண்டும் கட்ட நாட்டின் மிகப்பெரிய பீர் நிறுவனம் பணம் கொடுத்தது. அதற்கு ஈடாக ஆலையில் பங்கு பெற்றது. அந்த நிறுவனம் இணைப்புகளின் வழியே இன்டர்புரூ ஆகி, 2004இல் பிரேசில் நிறுவனத்தோடு சேர்ந்து இன்பெவ் ஆனது. சுவையைப் பெருந்திரளுக்கு ஏற்றபடி மாற்றும்படி தனக்கு அழுத்தம் வந்ததாகச் சேலிஸ் பிற்காலத்தில் சொல்லிவந்தார். 1990 வாக்கில் அவர் மீதிப் பங்கை விற்றுவிட்டு விலகினார். 1992இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரில் தன் பெயரிலேயே புதிய ஆலையைத் திறந்து, அதே பாணி வெள்ளை பீரைக் காய்ச்சினார்.

ஊர் ஒருமுறை முழுதும் இழந்து, ஒரு மனிதரின் நாக்கு நினைவில் வைத்திருந்ததால் திரும்பப் பெற்ற பீர் இது. 2005இல் முடிவெடுத்தவர்களின் கணக்கில் இந்த வரலாறு எங்குமே இடம்பெற்றதாகத் தெரியவில்லை. நான் இந்தப் பதிவை எழுதுவதற்கு அதுவே முதன்மைக் காரணம்.

அந்தச் சுவை எதனால் ஆனது

பெல்ஜிய வெள்ளை பீரின் தானியத்தில் கிட்டத்தட்டப் பாதி முளைகட்டாத கோதுமை. மீதிப் பாதி வெளிர் பார்லி மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. சிலர் ஐந்து விழுக்காடு அளவுக்கு ஓட்ஸும் சேர்ப்பார்கள். முளைகட்டாத கோதுமைக்குத் தன் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதி அநேகமாகக் கிடையாது. பக்கத்தில் இருக்கும் பார்லி மால்ட்தான் தனக்கும் கோதுமைக்கும் சேர்த்து வேலை செய்கிறது. இதற்குப் பதிலாகக் கோதுமை கொடுப்பது புரதம். அந்தப் புரதத்தால் நுரை வெண்மையாக, தடித்து, நெடுநேரம் நிற்கிறது. பீருக்குப் பட்டுப்போன்ற வாய்நிறைவும் பால்சாயம் கலந்த வைக்கோல் நிறமும் வருகின்றன.

கலங்கல் தனிக் கதை. புரதம், பாலிபீனால், சிறிதளவு மாவு, மிதக்கும் ஈஸ்ட் எல்லாம் சேர்ந்துதான் அந்த வெண்மை. கோதுமையைக் கூட்டினால் கலங்கலும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெரிய புரதத் துகள்கள் எடை கூடி அடியில் படிந்துவிட்டால் மேலே இருப்பது தெளிந்துவிடும். எந்தப் புரதம், எந்த அளவில், எவ்வளவு நாள் மிதக்கிறது என்பதைச் சமன்செய்வது பாதிக்கும் மேல் அனுபவ அறிவு.

மணம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. முதலாவது கொத்தமல்லி விதை. அதன் எண்ணெயில் பெரும்பங்கு லினலூல் என்ற பொருள். எலுமிச்சையையும் மலரையும் ஒருசேர நினைவூட்டும் மணம் அது. விதையை நொறுக்கி, கொதிப்பு முடியும் தறுவாயில் போடுவார்கள். முன்னதாகப் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். அளவு மிஞ்சினாலோ விதை தரமற்றதானாலோ வேகவைத்த காய்கறி வாடை எழும். நம்மூர் விதையும் ஐரோப்பிய விதையும் ஒன்றல்ல. ஐரோப்பிய விதை சிறியது, உருண்டையானது, எண்ணெய் மிகுந்தது. இந்திய விதை பெரியது, நீள்வட்டமானது, எண்ணெய் குறைந்தது. மேலைநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுவோர் பலர் இந்திய விதையைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள், அதன் மணம் மென்மையாக, ஆரஞ்சுப் பழத்தை ஒட்டி இருப்பதால்.

இரண்டாவது, குராசோ ஆரஞ்சின் காய்ந்த தோல். நாரத்தங்காயின் பச்சைத் தோலை நகத்தால் கீறும்போது எழும் வாசனை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பீரில் அது முன்னால் வந்து நிற்கக் கூடாது. நல்ல வெள்ளை பீரைக் குடிப்பவருக்கு ஆரஞ்சு இருக்கிறது என்று உணரத்தான் முடியும், சுட்டிக்காட்ட முடியாது. கொத்தமல்லிக்கும் இதே விதி. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் இது கொத்தமல்லி என்று ஒருவர் சொல்லிவிட்டால் காய்ச்சியவர் அளவு தவறிவிட்டார் என்பது என் கருத்து.

மூன்றாவது ஈஸ்ட். மிக முக்கியமானதும், மிக எளிதாக மறக்கப்படுவதும் இதுதான். தானிய உமியில் ஃபெரூலிக் அமிலம் இருக்கிறது. நொறுக்கிய தானியத்தை ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் அது விடுபட்டுத் தானியச் சாற்றில் கலக்கும். வெள்ளை பீருக்கான ஈஸ்ட் வகை அந்த அமிலத்தைக் கிராம்பையும் மிளகையும் ஒத்த மணமுள்ள பொருளாக மாற்றிவிடும். கொப்பரையில் கிராம்பு போடாமலே கிராம்பு மணப்பது இதனால்தான். பவேரியக் கோதுமை பீரிலும் இந்த மணம் உண்டு. ஆனால் அங்கே வாழைப்பழ மணம் தூக்கலாக இருக்கும், கோதுமை முளைகட்டியதாக இருக்கும், மசாலா கிடையாது. இரண்டையும் ஒரே வகை என்று எண்ணிக் குடிப்பவர் இரண்டிலும் எதையோ தவறவிடுகிறார்.

ஹாப்பின் கசப்பு மிகக் குறைவு. சாராய அளவு ஐந்து விழுக்காட்டை ஒட்டி நிற்கும், ஹூகார்டனில் 4.9. முடிவில் நாக்கில் லேசான புளிப்பு. பழைய காலத்து வெள்ளை பீர்களில் லாக்டிக் அமிலப் புளிப்பு தெளிவாக இருந்தது, இன்றையவற்றில் அதன் நிழல்தான் மிச்சம். பாட்டிலில் அடைத்த பிறகும் ஈஸ்ட் வேலை செய்யும்படி விடப்படுவதால் வாயு கூர்மையாக, உயிர்ப்போடு இருக்கும். ஆறு பட்டைகள் கொண்ட தடித்த கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் இரண்டு பங்கை ஊற்றி, பாட்டிலைச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்டைக் கிளப்பி மீதியை ஊற்றுவது முறை. சிலர் எலுமிச்சைத் துண்டு சேர்ப்பார்கள். ஆனால் எலுமிச்சை நுரையை அடக்கிவிடும்.

2005 நவம்பர்: முடிவும் அதன் காரணமும்

நிறுவனத்தின் தரப்பை நேர்மையாகச் சொல்லவேண்டும். பெல்ஜியத்தில் பீர் குடிப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்தது. பேராலைகளில் பயன்படாத கொள்திறன் இருந்தது. ஜுபீயில் நாட்டின் மிக அதிகம் விற்கும் லாகர் காய்ச்சப்பட்டது. கருவிகள் நவீனமானவை, ஆள்பலம் இருந்தது. ஹூகார்டன் ஆலையோ சிறியது, தனித்தது. ஒரு லிட்டருக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டவர் எவரும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பார். சமையற்குறிப்பு நிறுவனத்திடம் இருக்கிறது, ஈஸ்ட் நிறுவனத்திடம் இருக்கிறது, பக்கத்து ஊரில் பெரிய கொப்பரை இருக்கிறது. இடமாற்றம் வெறும் போக்குவரத்து வேலையாகத் தெரிந்திருக்கும்.

அறிவிப்பு வந்த வரிசைதான் கவனிக்கத்தக்கது. மூடல் முதலில் உலகுக்குச் சொல்லப்பட்டது. ஜுபீயில் அதே சுவை வருமா என்ற கேள்விக்கு விடை தேடுவது அதன் பிறகான வேலையாக விடப்பட்டது.

கண்டவை: ஊரிலும் ஆலையிலும்

ஊர் கொதித்தது. எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன, தொழிலாளர்கள் போராடினார்கள். வேலை இழப்பு முதல் காரணம், ஆனால் ஒரே காரணம் அல்ல. உலகமெங்கும் போகும் பாட்டிலில் தங்கள் ஊர்ப் பெயர் இருக்க, உள்ளே இருப்பது வேறு ஊரில் காய்ச்சியது என்பதை ஊர்மக்கள் ஏற்க மறுத்தார்கள். மொழி எல்லையும் இடையில் இருந்தது. ஹூகார்டன் டச்சு மொழி பேசும் பிளாண்டர்ஸில், ஜுபீ பிரெஞ்சு பேசும் வலோனியாவில். பெல்ஜியத்தில் இந்தக் கோட்டைத் தாண்டி ஒரு வேலையை நகர்த்துவது எப்போதுமே அரசியல் ஆகும்.

ஆலைக்குள் நடந்தது இதைவிட அமைதியானது, முடிவைப் பொறுத்தவரை இதைவிட வலிமையானது. ஜுபீயில் காய்ச்சிய வெள்ளை பீரின் சுவையை ஹூகார்டன் சுவையோடு ஒட்டவைப்பது கடினமாக இருந்ததாக அக்காலச் செய்திகள் பதிவு செய்தன. குறித்த காலத்தில் மாற்றம் முடியவில்லை. 2006 இப்படியே கழிந்தது. மூடுவதாகச் சொன்ன ஆலையே தொடர்ந்து காய்ச்சிக்கொண்டிருந்தது.

இதற்கிடையே கணக்கின் இன்னொரு பக்கமும் மாறியது. வெளிநாடுகளில் ஹூகார்டனுக்குத் தேவை கூடியது. ஜுபீயின் சொந்த லாகருக்கும் இடம் தேவைப்பட்டது. மிச்சமாக இருந்த கொள்திறன் என்ற அடிப்படை வாதமே தளர்ந்துபோனது. சுவை மட்டுமே ஆலையைக் காப்பாற்றியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை அப்படியல்ல, இரண்டும் சேர்ந்துதான் அந்த முடிவைத் திருப்பின.

ஏன் ஒட்டவில்லை

குறிப்பு ஒன்றே, ஈஸ்ட் ஒன்றே என்றாலும் பீர் ஏன் வேறாகிறது? பின்வருவது காய்ச்சும் தொழிலில் பொதுவாக அறியப்பட்டவற்றை இந்த நிகழ்வின் மேல் வைத்துப் பார்த்த என் வாசிப்பு.

நொதிக்கும் தொட்டியின் உயரத்திலிருந்து தொடங்கலாம். பேராலைகளில் நெடிய, கூம்படி உருளைத் தொட்டிகள் இருக்கும். உயரம் கூடக்கூட அடியில் அழுத்தம் கூடும், கரைந்து நிற்கும் கரியமில வாயுவும் கூடும். அந்த அழுத்தத்தில் ஈஸ்ட் பழ மணங்களைக் குறைவாகத்தான் உண்டாக்கும். லாகருக்கு இது நன்மை, ஏனெனில் லாகரில் பழ மணத்தை யாரும் கேட்பதில்லை. வெள்ளை பீருக்கோ கொத்தமல்லியும் ஆரஞ்சும் சாய்ந்து நிற்கும் சுவரே அந்தப் பழ மணம். அது மெலிந்தால் மசாலா தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். மசாலாவைக் குறைத்தால் பீர் வெறுமையாகிவிடும். ஒன்றைத் திருத்தப்போய் இன்னொன்று கெடுவது இப்படித்தான் தொடங்கும்.

கொப்பரையின் அளவும் அப்படியே. சிறு கொப்பரையிலிருந்து சாறு விரைவாகக் குளிர்விப்பானுக்குப் போய்விடும். பெருங்கொப்பரையில் சாறு முழுவதும் இறங்க நேரம் எடுக்கும். அதுவரை நொறுக்கிய விதை கொதிநிலைச் சூட்டில் ஊறிக்கொண்டே இருக்கும். லினலூல் பறந்துபோக, விதையின் கரகரப்பு இறங்கிவிடும். கிலோக் கணக்கை நீரின் அளவுக்கு ஏற்பப் பெருக்கினால் போதும் என்று எண்ணுபவர் இந்த நேர வேறுபாட்டை மறந்துவிடுகிறார்.

பச்சைக் கோதுமைக்கு மால்ட் போல நல்ல உமி இல்லை. ஊறிய கூழ் பிசுபிசுத்து, சாறு மெதுவாகத்தான் வடியும். முழு மால்ட்டுக்கு நேரம் குறித்து ஓடும் ஆலையில் இது ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையைத் தள்ளிப்போடும். பெல்ஜியத்தில் இதற்கென்று நீண்ட பழக்கம் உண்டு. டச்சு ஆட்சியின் 1822ஆம் ஆண்டுச் சட்டம் தானியம் ஊறும் தொட்டியின் கொள்ளளவுக்கு வரி விதித்ததால், தொட்டியை நெருக்கி நிரப்பி, சாற்றைப் பகுதி பகுதியாக எடுத்து வேறு கொப்பரையில் கொதிக்கவைக்கும் முறைகள் வளர்ந்தன. பச்சைத் தானியத்தைக் கையாளும் திறமை அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது பணியாட்களின் மூக்கு. லாகர் ஆலையில் பயிற்சி பெற்றவருக்குக் கிராம்பு மணம் என்றால் அபாய மணி. காட்டு ஈஸ்ட் புகுந்துவிட்டது, தொட்டியைக் காலிசெய் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கலங்கல் என்றால் வடிகட்டி பழுது. புளிப்பு என்றால் பாக்டீரியா. ஹூகார்டனில் குணமாகக் கருதப்பட்ட ஒவ்வொன்றும் ஜுபீயில் குற்றப்பட்டியலில் இருந்தவை. வாழ்நாள் முழுவதும் இவற்றை ஒழிக்கப் பாடுபட்ட திறமையான மனிதர்களிடம் இவற்றைப் போற்றி வளர்க்கச் சொல்வது எளிய காரியமல்ல. அவர்கள் திறமைக் குறைவானவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களது திறமை வேறு திசையில் கூர்தீட்டப்பட்டது. கருவிகளைப் பிரித்துவைக்க வேண்டிய சிக்கலும் உண்டு. வெள்ளை பீரின் ஈஸ்ட் ஒரு குழாய் வழியே லாகர் தொட்டிக்குள் போய்விட்டால் நாட்டின் மிகப்பெரிய பீர் கெடும்.

இதற்கு எதிர்ச் சாட்சியாகச் சேலிஸின் ஆஸ்டின் ஆலையை வைக்கவேண்டும். அவர் அட்லாண்டிக் கடலையே தாண்டிப் போனார், வேறு தண்ணீர், வேறு கோதுமை. ஆஸ்டினின் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர் ஊர்த் தண்ணீரைப் போலவே இருப்பதாகச் சொன்னார். அங்கே அவரது பீர் விருதுகளையும் வாடிக்கையாளர்களையும் பெற்றது, அமெரிக்காவில் வெள்ளை பீர் அலைக்கே வித்திட்டவர்களில் அவர் முன்னவர். ஆக, இந்தச் சுவை ஊரை விட்டு நகராது என்பது சரியல்ல. ஆஸ்டினில் சுவையோடு சேர்ந்து அதைச் சுவைத்துச் சரிபார்க்கும் நாக்கும் பயணம் செய்தது. சுவை தவறிக் காய்ச்சிய தொகுதியை இது அல்ல என்று சொல்லும் அதிகாரமும் அந்த நாக்குக்கே இருந்தது. ஜுபீக்கு அனுப்பப்பட்டது சமையற்குறிப்பு.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2005இல் ஊர்மக்கள் எந்தச் சுவைக்காகப் போராடினார்களோ அது டொம்சினின் சுவை அல்ல. சேலிஸின் சொல்லை ஏற்றால், 1980களின் சுவைகூட அல்ல. அவர்கள் பாதுகாத்தது தங்கள் காலத்தில் தங்கள் ஊரில் காய்ச்சப்பட்டதை. இது அவர்களது கோரிக்கையைப் பலவீனமாக்குவதாக நான் நினைக்கவில்லை. சுவை மெல்ல நகரலாம். நகரும்போது அதைக் கவனித்துத் தடுக்கவும் அனுமதிக்கவும் பக்கத்தில் ஆட்கள் இருக்கவேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

2007 செப்டம்பர்: திரும்பிய முடிவு

2007 செப்டம்பர் 10 அன்று ஹூகார்டன் ஆலை தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது, முதலீடும் உறுதியளிக்கப்பட்டது. பெரிய நிறுவனம் தன் பொது அறிவிப்பைத் திரும்பப் பெறுவது அதன் மானத்துக்கு இழுக்கு என்று எண்ணும் உலகில், அந்த முடிவை எடுத்தவர்களைப் பாராட்டவேண்டும். சுவை சற்றே பிறழ்ந்த பீரை ஜுபீயிலிருந்து சந்தைக்கு அனுப்பிவிட்டு, வாடிக்கையாளர் பழகிக்கொள்வார் என்று விட்டிருக்கலாம். பல நிறுவனங்கள் பல பொருள்களில் அப்படித்தான் செய்திருக்கின்றன.

ஆனால் விலையும் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக ஒரு சிற்றூரின் குடும்பங்கள் நிச்சயமற்ற நிலையில் வாழ்ந்தன. அந்தக் காலத்தில் வேறு வேலை தேடிப் போன கைத்திறன் திரும்பி வருவதில்லை.

பிறகு நடந்தவை

2008இல் இன்பெவ் அமெரிக்காவின் அன்ஹைசர்-புஷ்ஷை வாங்கி உலகின் மிகப்பெரிய பீர் நிறுவனமானது. ஊர் ஆலை இன்றும் காய்ச்சுகிறது. அதே 2008இல் தென் கொரியாவில் உள்ளூர் ஆலையில் ஹூகார்டனைக் காய்ச்சும் ஏற்பாடு தொடங்கியது. பெல்ஜியத்திலிருந்து வருவதைக் குடித்துப் பழகிய கொரியர் பலர் உள்நாட்டுப் பீரின் சுவை வேறாக இருப்பதாகக் குறைசொன்னார்கள். ஜுபீயில் எழுந்த கேள்வி அங்கேயும் எழுந்தது.

ஆஸ்டின் ஆலையின் முடிவும் பாடம் நிறைந்தது. 1990களின் நடுவில் பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்று அதில் பெரும்பங்கு வாங்கியது, சில ஆண்டுகளில் ஆலை மூடப்பட்டது. சேலிஸ் பெல்ஜியம் திரும்பிப் பிற ஆலைகளுக்கு உதவினார். செயின்ட் பெர்னார்டஸ் ஆலையின் வெள்ளை பீர் அவரது துணையோடு உருவானது. ஹூகார்டனை ஒத்த பழைய பாணி வேண்டுமென்றால் பலர் இன்று அதைத்தான் கைகாட்டுகிறார்கள். 2011 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

இன்னொரு முறை இப்படி நேர்ந்தால்

முதலில் மாறவேண்டியது வரிசை. புதிய ஆலையில் காய்ச்சி, பழைய ஆலையின் பீரோடு கண்ணைக் கட்டி ஒப்பிட்டு, பல பருவங்களின் கோதுமையில் அது நிலைக்கிறது என்று தெரிந்த பிறகே மூடல் அறிவிக்கப்படவேண்டும். ஒரே அறுவடையின் கோதுமையில் கிடைத்த வெற்றி போதாது, புரத அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

குறிப்பில் எழுதப்படாதவற்றை எழுத ஆள் அமர்த்தவேண்டும். விதையை எவ்வளவு கரடுமுரடாக நொறுக்குவது, கொப்பரை இறங்க எத்தனை நிமிடம், ஈஸ்டை எத்தனை தலைமுறைக்குப் பிறகு மாற்றுவது, பாட்டில்கள் எந்தச் சூட்டு அறையில் எத்தனை நாள் நிற்பது. ஒரு ஆலையில் இவற்றில் பாதி, மூத்த காய்ச்சுநர் ஒருவரின் கையில்தான் இருக்கும். அவர் ஓய்வு பெறும் நாள் வரை யாரும் கேட்பதில்லை.

கடினமானது கடைசி. புதிய ஆலையின் பீர் சரியாக இருக்கிறதா என்று சொல்லத் தகுதியுள்ளவர்கள் பழைய ஆலைத் தொழிலாளர்கள். சரி என்று அவர்கள் சொன்னால் அவர்கள் வேலை போகும். இந்த நிலையில் அவர்களிடம் நேர்மையான தீர்ப்பைக் கேட்பது நியாயமில்லை, அவர்கள் எதிர்மறையாகச் சொன்னால் அதை நம்பாமல் போவதும் நியாயமில்லை. எனவே சுவைக் குழுவில் அமர்வோருக்கு, தீர்ப்பு எதுவானாலும், வேலையும் ஊதியமும் எழுத்தில் உறுதி செய்யப்பட்டிருக்கவேண்டும். அந்த உறுதி கொடுக்கப்பட்ட தேதி, முதல் சோதனைத் தொகுதி காய்ச்சப்படும் தேதிக்கு முந்தியதாக இருக்கவேண்டும்.